பூட்டைப் பார்த்து எழுதியவர்

'செத்துப்போன ஊர்' என்று புதுக்கோட்டையைப் பற்றிப் பத்திரிகையில் எழுதிய ஐயா, நீர் ஊரைப் பார்க்கவில்லை. பூட்டைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறீர்.

உம் கட்டுரை வந்த அடுத்த வெள்ளிக்கிழமையே திருச்சியில் பஸ் ஏறினேன். முப்பத்து மூன்று மைல், பதினான்கணா. நார்த்தாமலை விலக்கில் ஒரு கும்பல் மூட்டைகளோடு ஏறியது. ஒருவர் என் கால்மேலேயே பூசணிக்காயை வைத்தார். "கெடக்கட்டுங்க, கடிக்காது" என்றார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு இறங்கினேன். கடைவீதி முழுக்கப் பூட்டு. உம் கட்டுரையில் அது ஒன்றுதான் உண்மை. குதிரைவண்டிக்காரரிடம், "ஊரில் யாராவது தவறிவிட்டார்களா?" என்று கேட்டேன்.

"ஏறுங்க, பொணத்தைக் காட்டுறேன்" என்றார். நாலணா வாங்கிக்கொண்டு சந்தைப்பேட்டையில் இறக்கிவிட்டார்.

அங்கே கால் வைக்க இடமில்லை. பூட்டிய கடைகளின் முதலாளிகள் எல்லாரும் கூடையும் கையுமாக அங்கேதான் நின்றார்கள். கத்திரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த துணிக்கடைக்காரரிடம், கடையைப் பூட்டிவிட்டு இங்கே என்ன வேலை என்றேன்.

"சமஸ்தானம் போச்சு. ஆபீஸு போச்சு, சம்பளக்காரங்களும் போயிட்டாங்க. ஈ ஓட்டிக்கிட்டு கெடந்தோம். அப்புறம் எல்லாக் கடைக்காரங்களும் கூடிப் பேசினோம். சந்தைக்கு வர்றவங்களுக்குத் தண்ணி வேணும்னு அங்க இருந்த கெணத்த நாங்களே தூர் வாரினோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாரும் கடையப் பூட்டிட்டு, வாரத்துக்கு வேண்டியத இங்கதான் வாங்கணும்னு கட்டுப்பாடு. வித்த காசோட இந்தக் கிராமத்துக்காரங்க சாயங்காலம் நம்ம கடைக்கு வராம எங்க போவாங்க?"

காய் நிறுத்துக்கொண்டிருந்தவர் குறுக்கிட்டார். "பேசிக்கிட்டே தராசுல கை வைக்காதீங்க மொதலாளி. துணி அளக்கையில ஒங்க கஜக்கோலு சுருங்குறத நான் சொன்னனா?"

அடுத்து, மணமேல்குடியிலிருந்து கருவாடு கொண்டுவந்த அஞ்சலையைப் பார்த்தேன். கூடை காலி. முகத்தில் மட்டும் கவலை.

"நாலு பேரா வருவோம்ங்க. டீக்கடையில எவனோ பேப்பரப் படிச்சிருக்கான். செத்த ஊருக்கு யாருடி போவான்னு மூணு பேரும் நின்னுட்டாளுக."

"கூடை காலியாகிவிட்டது என்று போய்ச் சொல்லுங்கள்."

"அச்சுல வந்தத நீ பொய்ங்கிறியான்னு கேப்பாளுக. இன்னிக்கு ஒரு தடவைன்னு விட்டாக; இனிமே இம்புட்டுத் தூரம் ஒத்தையில வர எங்க வீட்டுல விடமாட்டாக. அடுத்த வாரம் ஒருத்தியாச்சும் கூட வரலேன்னா என் யாவாரம் இதோட சரி."

நாலு மணிக்குக் கடைவீதியில் பூட்டுகள் திறந்தன. சந்தை அப்படியே அங்கே நடந்து வந்தது. எண்ணெய்க்கடையிலும் பாத்திரக்கடையிலும் ஆளை ஆள் தள்ளினார்கள். அஞ்சலை சிவப்புச் சேலை ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"ஆத்தா, கருவாட்டுக் கூடையச் சேலை மேல வைக்காத!" என்று துணிக்கடைக்காரர் அலறினார்.

"வாசம் புடிச்சு நாலு பேரு வரட்டுமே" என்று அஞ்சலை சிரித்தார். சேலையை வாங்கிக்கொண்டுதான் போனார்.

ஆறு மணி பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பினேன். இடமில்லை. பக்கத்துக் கடை மூடினால் நமக்கு லாபம் என்று நினைக்கிற தெருவில் குடியிருப்பவன் நான். ஒரு ஊர் முழுக்கச் சேர்ந்து பூட்டி, சேர்ந்து திறந்து பிழைத்ததைப் பார்த்து வந்த சந்தோஷம், கால் வலியை மறக்கடித்தது.

உம்மேல் உள்ள கோபம் மட்டும் தணியவில்லை. நீர் வந்த அன்றைக்கு நாலு மணி வரை ஏன் நிற்கவில்லை? பூட்டின காரணத்தை ஒரே ஒரு ஆளிடமாவது கேட்டீரா? எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம். அதே பத்திரிகையில், அதே பக்கத்தில், வரும் வெள்ளிக்கிழமைக்குள் பதிலை அச்சில் போடும். மணமேல்குடி டீக்கடையில் அதை உரக்கப் படிக்க வேண்டும். அந்த மூன்று பேர் காதிலும் விழ வேண்டும்.