சன்னல் சாத்திய வீடு

வெள்ளி, காலை ஐந்தரை. சென்னையில் பஸ் ஏறினேன். நெய்வேலி சுமார் இருநூறு கிலோமீட்டர். அங்கே என் அக்கா ரஹ்மத்தின் மகள் சபீனாவுக்கு மூன்று மாதமாக இளைப்பு. எட்டு வயதுக் குழந்தை. "இந்த ஊரு காத்து ஒத்துக்கல. நீ வந்து கூட்டிகினு போயிடுடா" என்று அக்கா போனில் அழுதிருந்தாள். குழந்தையை மீட்கப் புறப்பட்ட வீரனின் பையில் ஆறு முகக்கவசங்கள். ஆறும் வீரனுக்கு.

பத்தரை மணி. காடாம்புலியூரில் சாலையோரம் பலாப்பழம் குவிந்திருந்தது. அதைத் தாண்டிச் சற்று நேரத்தில், வான் ஓரத்தில் மலைபோல வெள்ளைப் புகை. போட்டிருந்த கவசத்தின் மேல் இன்னொன்றை மாட்டி, மூச்சையும் அடக்கிக்கொண்டேன். பலாச்சுளைப் பொட்டலத்தோடு பக்கத்தில் இருந்த அம்மாள் பதறினார்.

"இன்னாங்க, வாந்தி வருதுங்களா?"

கையால் வானத்தைக் காட்டினேன்.

"அய்ய, அது ஆவிங்க. கரன்ட் எடுக்கிற எடத்துல தண்ணி ஆற வெக்கிற கோபுரம். புகை வர்றது அந்த ஒசந்த சிம்னியில. மொதல்ல மூச்ச வுடுங்க."

விட்டேன்.

நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்கினேன். அங்கிருந்து அக்காவின் குவார்ட்டர்ஸுக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய். முன்னால் போன லாரி, தார்ப்பாய் படபடக்க மின்நிலையச் சாம்பலைத் தூவிக்கொண்டே போனது. "நனைச்சு, இழுத்துக் கட்டினா பறக்காதுங்க. சொன்னா நம்மள மொறைப்பானுங்க" என்றார் ஓட்டுநர். அகலமான சாலைகள், பெரிய மரங்கள். திருப்பத்துக்குத் திருப்பம் சருகுக் குவியல் எரிந்துகொண்டிருந்தது.

அக்கா வீட்டில் எல்லாச் சன்னலும் சாத்தி, இடுக்கில் துணி அடைத்திருந்தது. மச்சான் காதருக்கு நிலக்கரி மைன்ஸில் வேலை. பல வருடம் கான்ட்ராக்டில் இருந்து போன வருடம்தான் பெர்மனென்ட். ஊரை விட்டு வரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாலை ஆறரை. அக்கா வாசல் கதவையும் சாத்தினாள். மூலையில் கொசுவத்தி எரிய, சாம்பிராணித் தட்டோடு அறை அறையாக வந்தாள். "வெளிக் காத்துதான் கெட்டது. இது வூட்ட சுத்தம் பண்ணும்." நானும் பக்தியோடு தலையாட்டினேன்.

படுத்திருந்த சபீனா எழுந்து உட்கார்ந்தாள். தோள்கள் ஏறி இறங்கின; நெஞ்சில் விசில் சத்தம். மச்சான் இன்ஹேலரை எடுப்பதற்குள் நான் என் கவசத்தைக் கழற்றி அவள் முகத்தில் அமுக்கினேன். அவ்வளவு அறிவு. குழந்தை அதைத் தட்டிவிட்டாள். மச்சான் மருந்தைக் கொடுத்து, அவளைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தார்.

"ஏங்க, வெளிய வேணாங்க!" அக்கா அலறினாள்.

அவளும் நானும் பின்னால் ஓடினோம். மரத்தடியில் விசில் மெல்லத் தணிந்தது. திறந்த கதவு வழியே சாம்பிராணிப் புகை எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. பெரியவர்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

"வூட்ல எதுனா புகை போடுறீங்களான்னு டாக்டர் கேட்டாரு," அக்கா தரையில் உட்கார்ந்தாள். "இல்லன்னு சொல்லிட்டேன்டா. சாம்பிராணிய யாரு புகைன்னு நெனப்பாங்க?"

சனி, காலை ஏழு. வழக்கமாகச் சருகுக்குத் தீ வைக்கும் நேரத்தில், மச்சான் அதை மக்க வைக்கக் கொல்லையில் குழி வெட்டினார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா பாய், எதப் பொதைக்கிறீங்க?"

"நெருப்புப்பெட்டிய."

அவர் சிரித்துவிட்டுத் தன் குவியலைக் கொளுத்தினார். மச்சான் அங்கே போய் வெகுநேரம் பேசினார். சிம்னி நிரபராதி என்று நான் சொல்லவில்லை. அதன் புகையை வடிகட்ட வேண்டியவர்கள் வேறு. அவர்களை விடாமல் கேட்க வேண்டும். கொல்லையில் எரிவதை யாரிடம் போய்க் கேட்பது?

நான் கிளம்பும்போது சபீனா கேட்டாள்: "மாமா, ஒங்க வூட்டாண்ட புகை இல்லியா?"

என் படுக்கையறைச் சன்னலுக்குக் கீழே பஸ் நிறுத்தம். எதிர்ப் பொட்டலில் தினமும் குப்பை எரிகிறது. வேடிக்கையாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். அவள் மூச்சு இன்னும் சீராகவில்லை.

"இருக்கும்மா" என்றேன்.

"திங்கக்கெழம டாக்டர்கிட்ட போயி உள்ளபடி சொல்றேன்டா," என்றாள் அக்கா. "அப்புறம் பாப்போம்."

தனியாகத்தான் பஸ் ஏறினேன். எதிர்ப் பொட்டலில் தீ வைப்பது யார் என்று எனக்குத் தெரியாது. சபீனா எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதற்குள் போய் விசாரிக்க வேண்டும்.