கவின் சொன்ன முதல் பதில்

எங்கள் பிளாட் லிப்டுக்குள் ஏழெட்டுப் பேர் நிற்போம். எல்லாருடைய கண்ணும் கதவுக்கு மேலே ஓடுகிற இலக்கத்தில், அதற்குள்ளிருந்து சாமி வெளிக்கிடப் போகிற மாதிரி. ஊர்காவற்றுறையில் இருந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்த புதிதில், வெட்கத்தை விட்டு ஒரு மனுசியிடம் "எங்கை போறியள்?" என்று கேட்டேன். ஊரில் அது சும்மா சுகம் விசாரிக்கிறது. அவ "அஞ்சாம் மாடி" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை இறுக்கிப் பிடித்தா. அன்று தொடக்கம் நானும் இலக்கம்தான் பார்க்கிறேன். கூச்சக்காரிக்குக் கொழும்பு நல்ல இடம்.

அதனால்தான், நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற நேர்சரியில் ரீச்சர், "கவினுக்கு ஓட்டிசம், அன்ரி. முகம் பார்க்கமாட்டான், மற்றப் பிள்ளையளோடை சேரமாட்டான்" என்றபோது, லிப்டில் வருகிறவர்களை எந்த டொக்டரிடம் காட்டுவது என்று யோசித்தேன். வாய்விட்டுக் கேட்கவில்லை. நான் படித்தது அஞ்சாம் வகுப்பு.

கவினுக்கு ஐந்து வயது. வருகிற வருசம் பெரிய பள்ளிக்கூடம். அதற்கு முதல் ஒரு பிள்ளையோடாவது ஒரு சொல் கதைத்துவிட வேண்டுமென்று தாய் சுதாவுக்கு ஏக்கம். ஆனால் யாராவது அவனிடம் பேர் கேட்டால், "சொல்லு, சொல்லு, கவின் எண்டு சொல்லு" என்று அவளே பதிலையும் முடித்துவிடுவாள். எங்கள் சனம் அப்படித்தான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு முழுப் பதிலும் மாமி சொன்னா. கலியாணமே முடிந்தது, நான் வாய் திறக்கவில்லை.

கவினோடு எப்படிக் கதைப்பதென்று ரீச்சர் வகுப்புப் பிள்ளைகளைப் பழக்கினா. பேர் சொல்லிக் கூப்பிடு, பொருளைக் காட்டு, பிறகு சத்தம் போடாமல் காத்திரு. என்னைப் பார் என்று நெருக்காதே. எட்டிப் பார்க்க வருகிற சுதாவை, உள்ளே போகவிடாமல் யன்னலுக்கு வெளியே பிடித்து வைப்பது என் வேலை.

ஒருநாள் சஃபா என்கிற வாயாடிப் பெட்டை ஒரு சிவப்புக் கட்டையை நீட்டினாள். "கவின், கட்டை அடுக்க வாறியா?" கேட்டுவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு, கன்னம் உப்ப நின்றாள். யன்னலுக்கு வெளியே என் பக்கத்தில் சுதா, "ஓம் எண்டு சொல்..." என்று தொடங்க, நான் அவளுடைய வாயைப் பொத்தினேன். வேறொருத்தி வாயில் நான் கை வைத்தது அதுதான் முதல்தரம். பாய்க்கு வெளியே தனியே இருந்த கவின் விளையாட்டுக் காரின் சில்லை உருட்டினான், கட்டையைப் பார்த்தான், திரும்பவும் உருட்டினான்.

"ஏலாது."

"போ, ஒனக்கு இல்ல!" என்றாள் சஃபா. வெளியே சுதா அழுதுகொண்டே புருசனுக்குப் போன் எடுத்தாள். "ஏலாது எண்டிட்டானப்பா! கேட்டதுக்கு வடிவா ஏலாது எண்டிட்டான்!"

கொஞ்ச நேரத்தில் சஃபா கோபத்தை மறந்து, கட்டைப் பெட்டியைப் பாயின் ஓரத்துக்கு, அவனுக்குப் பக்கத்தில் இழுத்து வந்தாள். அவன் இருந்தபடியே அரக்கி நகர்ந்து வந்து ஒரு காலைப் பாயில் வைத்தான். மற்றக் கால் குளிர்ந்த சீமெந்தில். அப்படியே இருந்து ஒரு கட்டையை எடுத்து வைத்தான். அந்தக் காலையும் உள்ளே எடு என்று யாரும் சொல்லவில்லை. வெள்ளவத்தையும் என்னை அப்படித்தான் இருக்க விட்டிருக்கிறது.