முதலாளியின் பங்கு, ஒரு நாற்காலி

காலையில் டீயோடு ஒரு பதிவு போட்டேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவைக் குடும்பம் மட்டுமே சுமக்க வேண்டுமா, அரசும் முதலாளியும் பங்கு போட வேண்டாமா என்று ஆவேசமாகக் கேட்டிருந்தேன்.

முதல் லைக், என் கடையில் வேலை செய்யும் செல்வியுடையது.

மதியம் சாப்பிடப் போன செல்வி, மூன்று வயது மகளோடு திரும்பி வந்தார்.

"பால்வாடி வுட்டுட்டாங்கண்ணா. எங்க மாமியார் கரும்பு வெட்டப் போயிட்டாங்க. அரசாங்கம் முடிஞ்சிது, குடும்பமும் முடிஞ்சிது. மிச்சம் நீங்கதான்னு இட்டுக்கினு வந்துட்டேன்."

சத்தியமாகச் சொல்கிறேன். முதலாளி என்று எழுதும்போது என் மனதில் இருந்தவர்கள் சென்னையில் கண்ணாடிக் கட்டடம் வைத்திருப்பவர்கள். சங்கராபுரத்தில் ஒரே ஒரு ஆளை வைத்து ஜெராக்ஸ் கடை நடத்துபவனும் அதில் சேர்த்தி என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பாப்பா என் சுழல் நாற்காலியில் ஏறிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், மிஷின் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்துப் பச்சைப் பட்டனை அழுத்தவும் கற்றுக்கொண்டாள்.

நகலுக்குக் காத்திருந்த பெரியவர், வெளியே வந்த தாளை எடுத்துப் பார்த்தார்.

"இன்னாப்பா, பட்டா குடுத்தா கை வருது?"

"கடையில குழந்தைகள் காப்பகம் ஆரம்பிச்சிருக்கோங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

இதை நின்றுகொண்டுதான் டைப் செய்கிறேன். நாற்காலி இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை.

காலைப் பதிவுக்கு 'சபாஷ்' போட்ட கடைக்கார நண்பர்களே, உங்கள் கடைப் பெண்களும் ஃபேஸ்புக்கில் இருக்கிறார்களா? முதலில் அதைப் பாருங்கள்.