வில்லனைக் கும்பிட்டேன்

நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீரங்கத்தில் என் வீட்டில் டிவி கிடையாது. புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுச் செல்வி, சாயங்காலம் வந்ததும் என்னைக் கூப்பிடுவாள். இறக்கை முளைத்த மனிதர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து சண்டை போடும் சீரியல் ஓடும். அதில் ஒரு ராஜாவுக்குச் செம்மண் நிறத்தில் இறக்கை, வெள்ளை நெஞ்சு. எங்கள் ஊரில் வானத்தில் கருடனைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். அவன் பறந்து வந்ததும் என்னை அறியாமல் போட்டுக்கொண்டேன்.

"ஐயோ அம்மா, அவன்தாங்க வில்லன்! சின்னப் பிள்ளைங்க இருந்த கூட்டையே இப்பதான் கொளுத்திட்டு வரான்!" என்று செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்கு அவமானமாகிவிட்டது. மறுநாளிலிருந்து தலைவலி என்று பொய் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன். சாயங்காலப் பொழுது நகரவே இல்லை.

நாலாம் நாள் செல்வி கதவைத் தட்டினாள். "நீங்க இல்லாம நானும் பார்க்கலைங்க. உங்க கருடனுக்கு இன்னிக்குக் கடைசிச் சண்டையாம், வாங்க."

போனேன். கைகளை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் இறக்கையை விரித்ததும் செல்விதான் முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எதுக்கும் இருக்கட்டுங்க" என்றாள். நானும் போட்டுக்கொண்டேன். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

சிரிப்பையெல்லாம் கேலி என்று எடுத்துக்கொண்டு, இத்தனை வயதுவரை எத்தனை வீட்டு வாசலை மிதிக்காமல் இருந்தேனோ! இப்போது தினமும் போகிறேன்.

அந்த ராஜா கடைசியில் பிழைத்தானா, செத்தானா என்பது மறந்துவிட்டது. பார்த்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.