குளத்தின் அடியைக் கையால் பார்த்தவர்

மருங்காபுரிப் பக்கம் கிணறு தூர் வாரிக்கொண்டிருந்த மூக்கன், 1953-ல் திருச்சிக்கு வந்து நீச்சல்குளத்துக்காரர் ஆனார். பொன்மலை போகிற சாலையில் அப்போது அதிகாரிகளும் வக்கீல்களும் கூடுகிற ஒரு கிளப் இருந்தது. அங்கே தரையில் பள்ளம் வெட்டி, வெள்ளை ஓடு பதித்து, ஒரு கோடியில் மூன்றடியும் மறுகோடியில் ஒன்பதடியுமாகக் குளம் கட்டியிருந்தார்கள். இதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றதும், தண்ணீரை என்றைக்கு இறைப்பீர்கள் என்று கேட்டாராம் மூக்கன். தண்ணீர் இருக்கும்போதே அடியைப் பெருக்க வேண்டும் என்றார்கள். பணம் முற்றினால் பைத்தியம் பிடிக்கும்போல என்று நினைத்துக்கொண்டே தலையாட்டி வைத்தார்.

அந்தப் பைத்தியம் ஒரே மாதத்தில் அவரையும் பிடித்துக்கொண்டது. முதல்நாள் சாயங்காலம் படிகாரம் கரைத்து ஊற்றுவார். மிதக்கிற அழுக்கெல்லாம் விடிவதற்குள் அடியில் படிந்துவிடும். காலையில் ‘வாக்குவம்’ பிடிப்பார். இருபதடி மூங்கில் கழி, அதன் நுனியில் பிரஷ் வைத்த பித்தளை வாய், அந்த வாயிலிருந்து மோட்டார் வரைக்கும் ரப்பர் குழாய், அவ்வளவுதான். மோட்டாரை ஓடவிட்டு, கரையில் நின்றபடி கழியைத் தள்ளினால், அடியில் கிடக்கும் வண்டலை வாய் உறிஞ்சிவிடும். அவசரப்பட்டுத் தள்ளினால் வண்டல் கலங்கி மேலே எழும்பி, அன்றைய பாடெல்லாம் வீண். மூக்கன் நிறைமாதக்காரி நடக்கிற மாதிரித் தள்ளுவார். கழியில் வருகிற அதிர்வை வைத்தே இது ஓட்டு இடுக்கு, இது வேப்பிலை, இது யாரோ தொலைத்த சட்டைப் பொத்தான் என்று கண்டுகொள்வார்.

போகப்போகக் கைதான் கண்டுகொள்ள வேண்டியிருந்தது. கண் கைவிட்டுக்கொண்டிருந்தது.

மோட்டார் அறை மேல்தளத்தில் ஏறி நின்றால் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள் தெரியும். 1958 மார்கழியில் அவை தெரியாமல் போனபோது பனி என்று நினைத்துக்கொண்டார். சித்திரையில் மலைக்கோட்டையும் காணாமல் போயிற்று. சித்திரையில் ஏது பனி?

குளத்துக்காரர் குளிக்கிற பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால், வருஷத்துக்கு ஒருமுறை டாக்டர் கண்ணைச் சோதிப்பது கிளப் வழக்கம். எழுத்துத் தெரியாதவர்களுக்கு ஒரு அட்டை உண்டு. முள்கரண்டி மாதிரி ஒரு குறி வரிசை வரிசையாகப் போட்டிருக்கும். அதன் பற்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று கையால் காட்ட வேண்டும். மூக்கனின் சிநேகிதர் ஃபிட்டர் இன்னாசிராஜ், டாக்டர் வருவதற்குள் அந்த அட்டையைப் பார்த்து அவருக்கு ஒப்பித்தார். மேலே, சோத்துக்கை, கீழே, கீழே, பீச்சாங்கை. மூக்கன் அதை மனப்பாடம் செய்து மூன்று வருஷம் தேறினார். இந்த வயசிலும் என்ன பார்வை என்று டாக்டர் மெச்சவும் செய்தார்.

அது தப்பு. தெரிந்தே செய்த தப்பு. ஆனால் வேலை போனால் கிளப் கொடுத்த ஓட்டு வீடும் போகும்; மூச்சிரைப்பில் கிடக்கும் மனைவி மயிலம்மாளைக் கூட்டிக்கொண்டு எந்த மரத்தடிக்குப் போவது?

கிளப் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவள் வேலம்மாள், லால்குடிக்காரி. அவள் கூட்டுகிற வேப்பஞ்சருகெல்லாம் குளத்தில் விழுகிறது என்று மூக்கன் ஒருநாள் செகரட்டரி தைரியராஜிடம் சொல்லிவிட்டார். எல்லார் முன்னாலும் அவளுக்கு ஏச்சு விழுந்தது. அன்றிலிருந்து ஆறு மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

1962 பங்குனியில் ஒரு முற்பகல். மோட்டார் காதைப் பிளந்துகொண்டு ஓட, மூக்கன் நடுக்கரையில் நின்று வாக்குவம் பிடித்துக்கொண்டிருந்தார். ஆழப்பக்கத்தில் ஒடிந்து கிடந்த வேப்பங்கொப்பை எட்டி எடுக்கப்போன வேலம்மாள் பாசி வழுக்கி உள்ளே விழுந்தாள். நீச்சல் தெரியாதவள். ஒருமுறை மேலே வந்தாள், கையைத் தூக்கினாள், அடங்கிப் போனாள். மூக்கன் அடுத்த வரிசைக்குக் கழியைத் தூக்கிப்போட அந்தப் பக்கம் பார்த்தார். வெயிலும் வெள்ளையும்தான் தெரிந்தன. கழியை இறக்கித் தள்ளினார். அடியில் எதுவோ மெத்தென்று தட்டுப்பட்டது. மோட்டார் சத்தம் கம்மியது. வாயில் துணி சிக்கியிருக்கிறது. அந்தக் குளத்தில் அப்படி ஒன்றை அவர் கை அதுவரை அறிந்ததில்லை.

அப்படியே குதித்தார். அவளைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துவந்து கரையில் கவிழ்த்துப் போட்டு முதுகை அமுக்கினார். தண்ணீர் வந்தது, அப்புறம் மூச்சும் வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, புல்தரையில் நாற்காலி போட்டு மெம்பர்கள் கூடினார்கள். தைரியராஜ் மூக்கனைப் புகழ்ந்து பேசிவிட்டு, மாலையை எடுத்து வேலம்மாள் கையில் கொடுத்துப் போடச் சொன்னார். அவள் போடவில்லை.

“நான் கையத் தூக்கினப்ப இவரு என்னை நேராப் பாத்தாருங்க” என்றாள். “பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. சாவட்டும்னுதான் நின்னாரு.”

தைரியராஜ் மாலையை வாங்கித் தட்டில் வைத்துவிட்டு, பாவம், பயத்தில் புத்தி தடுமாறிப் பேசுகிறாள் என்று மற்றவர்களிடம் சொன்னார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். மூக்கன் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். வேலையும் வீடும் அப்படியே இருந்திருக்கும். ஆனால் அவள் முகம் எங்கே என்று குரலை வைத்துத் தேடிக்கொண்டிருந்தார் மனிதர்.

“நான் உன்னைப் பாக்கல, வேலம்மா” என்றார். “எனக்குக் கண்ணு தெரியல. மூணு வருசமாத் தெரியல.”

பிறகு அட்டையைப் பற்றியும் சொன்னார். இன்னாசிராஜ் பேரை மட்டும் சொல்லவில்லை.

தைரியராஜுக்கு வந்த கோபத்தில் நியாயம் இருந்தது. அவர் பிள்ளைகளும் அந்தக் குளத்தில்தான் குளித்தார்கள். நாளையிலிருந்து வர வேண்டாம், மாசக் கடைசியில் வீட்டைக் காலி பண்ணிக் கொடு என்றார். மூக்கன் சரிங்க என்றார். மெம்பர்கள் ஒவ்வொருவராக எழுந்து உள்ளே போனார்கள்.

வேலம்மாள் மட்டும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

“கண்ணு தெரியாமயாண்ணே அந்த ஒம்போதடிக்குள்ள குதிச்சீங்க?”

குதிக்கிறபோது கண்ணைப் பற்றிய நினைப்பே அவருக்கு வரவில்லை. வேலம்மாள் போய்த் தட்டில் கிடந்த மாலையை எடுத்துக்கொண்டு வந்தாள்.