மாற்றிச் சொன்ன இடம்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அழைப்புகளை எடுத்து வண்டிகளை அனுப்பும் மூத்தவர் ஒருவரை நாங்கள் எல்லோரும் ‘பலகை அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். சுவரில் பெரிய திரை ஒன்று உண்டு. பதினோரு வண்டிகளும் அதில் புள்ளிகளாக நகரும். ஆனால் திரை அடிக்கடி நின்றுபோகும். அக்காவின் தலை நிற்காது. “ஏழு எங்க?” என்று கேட்டால் திரும்பிக்கூடப் பார்க்காமல், “ஆஸ்பத்திரி வாசல்ல. நோயாளிய இறக்கிட்டாங்க, ஸ்ட்ரெச்சருக்காக நிக்கிறாங்க” என்பார். வண்டி நகர நகர அவர் மனதில் இருந்த பலகையும் மாறிக்கொண்டே இருக்கும். பக்கத்து நாற்காலியில் ஐந்து வருடம் உட்கார்ந்து நான் பார்த்தது இது.

வீட்டில் கதையே வேறு. அவர் கணவர் தையல் இயந்திரம் பழுது பார்ப்பவர். ஒரு நாள் என்னிடம், “பதினோரு வண்டியும் எங்க நிக்குதுன்னு தெரியுது தங்கச்சி, வீட்டுச் சாவி எங்கன்னு மட்டும் தெரிய மாட்டேங்குது” என்றார். அக்கா சிரிக்காமல் சொன்னார்: “அங்க நாள் முழுக்க அழிச்சு அழிச்சு எழுதுறேன். வீட்டுக்கு வந்தா தலை ஓஞ்சு போயிடுது.”

அது ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருக்கும். ஒரு பெண்ணின் அழைப்பை அக்கா எடுத்தார். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார், மார்க்கெட்டுக்குப் பின்னால் மஞ்சள் கட்டடம், மூன்றாவது மாடி என்றாள். அக்கா நான்காம் எண் வண்டியை அனுப்பினார். போனை வைக்காமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். நாலைந்து நிமிடத்தில் அந்தப் பெண், “இல்லங்க, பக்கத்து வீட்டுக்காரங்க கீழ தூக்கிட்டு வந்துட்டாங்க. இந்தச் சந்துல வண்டி நுழையாது. மெயின் ரோடு பெட்ரோல் பங்குக்கு வந்துடுறோம்” என்றாள்.

“பெட்ரோல் பங்க். சரிம்மா.”

அதே நொடியில் வயர்லெஸ்ஸில் நான்காம் எண் ஓட்டுநர், “அக்கா, டயர் போச்சு” என்றார். அக்கா தடுமாறவே இல்லை. நான்கை விட்டுவிட்டு ஒன்பதைக் கூப்பிட்டார். “மார்க்கெட் பின்னால மஞ்சக் கட்டடம், மூணாவது மாடி. சீக்கிரம்.”

வண்டியை மாற்றியவர் இடத்தை மாற்றவில்லை. ஒன்பதாம் எண் ஆட்கள் சந்து முனையில் வண்டியை நிறுத்தி, மூன்று மாடி ஏறி, பூட்டிய கதவைத் தட்டினார்கள். அந்தப் பெண்ணின் இரண்டாவது அழைப்பு என்னிடம் வந்தது. “பங்க்லதான் நிக்கிறோம், வண்டியக் காணோமே” என்றாள். ஒன்பது நிமிடம் வீணானது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அந்தப் பெரியவர் இறந்துவிட்டார்.

விசாரணையில் அக்கா, “அந்தப் பொண்ணு பங்க்னு சொல்லவே இல்ல சார்” என்று சொன்னார்; அப்படியே எழுதியும் கொடுத்தார். பொய் இல்லை. அப்படித்தான் அவர் மனதில் இருந்தது. மறுநாள் மேலதிகாரி ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். ‘பெட்ரோல் பங்க். சரிம்மா’ என்று அக்காவின் குரலே சொன்னது. அக்கா மூன்று முறை போடச் சொன்னார். பிறகு, “காதால கேட்டு, வாயாலயும் சொல்லியிருக்கேன். அப்புறம் எங்க போச்சு?” என்றார்.

எங்களுக்குப் பயிற்சி தரும் மருத்துவர்தான் விளக்கினார். கையில் வைத்திருக்கிற வேலைக்காக மனம் ஒரே சமயத்தில் மூன்று நான்கு விஷயங்களைத்தான் பிடித்துக்கொள்ளுமாம். புதியது காதில் விழுந்தால் மட்டும் போதாது, பழையதை வெளியே தள்ள வேண்டும். அதற்கு ஒரு கணம் வேண்டும். அந்தக் கணத்தில் இன்னொரு மாற்றம் வந்து நின்றால் ஒன்று மாறும், மற்றது பழையபடியே கிடக்கும். “மாத்திட்டோம்னுதான் நமக்குத் தோணும்” என்றார்.

“அந்தப் பெரியவர் உயிர் போனதுக்கு இது பதிலாகுமா டாக்டர்?” என்று அக்கா கேட்டார்.

ஒலிப்பதிவைக் கேட்ட பிறகும் விசாரணை அறிக்கையில், ‘அழைத்தவர் இடத்தை மாற்றியதால் ஏற்பட்ட குழப்பம்’ என்று எழுதி முடித்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் அதன் நகலை வாங்க வந்தாள். அலுவலக வாசலோரம் இருந்த பெஞ்சில் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “போகாதீங்கக்கா, வேலை போயிடும்” என்று நான் தடுத்தேன். அக்கா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அன்னைக்கு போன் எடுத்தது நான்தாம்மா. நீ பங்க்னு தெளிவா சொன்ன. நானும் திருப்பிச் சொன்னேன். வண்டிக்காரங்கள பழைய இடத்துக்கு அனுப்பினது நான். ஒலிப்பதிவுல இருக்கு.”

அவள் காகிதத்திலிருந்து தலை நிமிர்ந்தாள். பிறகு, “சொன்னேனா? நிஜமாவே சொன்னேனா?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா, நீ சொன்ன.”

“அம்மா தினமும் கேக்குறாங்க, ஒழுங்கா சொன்னியாடின்னு. பதில் சொல்ல முடியல. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.” காகிதத்தை நாலாக மடித்தாள். “வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட இதச் சொல்வீங்களா?”

அன்று மாலையே அக்காவும் நானும் அவளுடன் போனோம். அந்த அம்மா வாசற்படியில் நின்றபடியே முழுவதும் கேட்டார். எங்களை உள்ளே கூப்பிடவில்லை. கேட்டு முடித்ததும் மகள் பக்கம் திரும்பி, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். “உன்னைப் போய் கேட்டேனே” என்று மட்டும் சொன்னார். அக்காவை மன்னித்ததாகச் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

அறிக்கையைத் திருத்தச் சொல்லி அக்காவே மனுக் கொடுத்தார். அதற்காக அவரை ஆறு மாதம் கோப்புப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் அறைக்குத் திரும்பி வந்தபோது தானாகவே ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். இடம் மாறினால், புதிய இடத்தைச் சொல்வதற்கு முன்னால் பழையதை உரக்கச் சொல்லி நீக்குவார்: “மஞ்சக் கட்டடம் இல்ல. பங்க்.” ஓட்டுநரும் அதை அப்படியே திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்த வயர்லெஸ் அழைப்புக்குப் பதில் தருவார். முதலில் சிலர் கேலி செய்தார்கள். இப்போது எங்கள் அறையில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம். புதிதாகச் சேருகிறவர்கள் ஏன் என்று கேட்டால், அக்காவே பக்கத்தில் உட்கார வைத்து, அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்கிறார்.