ஏரிக்காற்றில் வைத்த கம்ப்யூட்டர்

எங்கள் ஊர் தோணிரேவு, உப்புநீர் ஏரிக்கரை மீனவ ஊர். போன வருஷம் இறந்த அப்பா சிரித்துப் பேசும் ஒரே வீடியோவைப் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி, அதிலிருந்து டிவியில் ஓடவிட்டிருந்தேன். பெட்டி சூடேறிப் படம் திக்கியது. கருவாடு காயவைக்கிற புத்தியில் அதை ஏரிப் பக்க ஜன்னலில் வைத்தேன். காற்று பட்டதும் படம் தங்குதடையின்றி ஓடியது.

அப்பாவின் திதியன்று பெட்டி உயிர்விட்டது. "இன்னாடி, உன் நைனா மூஞ்சியக்கூட காட்ட மாட்டியா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

பொன்னேரிக் கடையில் திறந்தால், பெட்டிக்குள்ளிருக்கும் விசிறி இழுத்த உப்புக் காற்றில் போர்டெல்லாம் களிம்பேறியிருந்தது. "வீடியோ இருக்கிற டிஸ்க்காவது எழுந்துக்குமான்னு தெரியலம்மா" என்றார் கடைக்காரர். அதை வேறு கம்ப்யூட்டரில் மூன்றாம் முறை மாட்டியபோது அப்பா சிரித்தார்.

இப்போது வீடியோவைத் திணறாமல் ஓட்டும், விசிறியில்லாத சின்னப் பெட்டியை உள்ளறையில் வைத்திருக்கிறேன். இன்னொரு பிரதி அனுப்பம்பட்டில் தங்கையிடம் இருக்கிறது. அம்மா ஏரிப் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் அப்பா முன் உட்காருகிறாள்.